கூட இருந்தவர் பாதியில் கிளம்பிவிட்டார். அட்வான்ஸை யார் தருவது?

கேள்வி: துரைப்பாக்கத்தில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்தோம். வாடகை 24,000 ரூபாய். அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 40,000 போட்டோம். 11 மாத அக்ரிமென்டில் நானும் ஒரு தோழியும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மூன்றாமவர் பெயர் அதில் இல்லை. ஆனால் ஓனருக்கு அவரைத் தெரியும். காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் என்று அக்ரிமென்டில் இருக்கிறது. ஐந்தாவது மாதம் பெங்களூரில் வேலை கிடைத்ததும், கையெழுத்துப் போட்ட தோழி மூன்று நாள் முன்பு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த மாதப் பங்கையும் தரவில்லை. இப்போது 40,000 உடனே வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் என்று அவருடைய அண்ணன் போன் செய்கிறார். ஓனரோ முழு வாடகையும் வந்தாக வேண்டும், வீட்டைக் காலி செய்யும்போதுதான் அட்வான்ஸ் என்கிறார். தோழியின் பீரோவும் வாஷிங் மெஷினும் இங்கேதான் இருக்கின்றன. கணக்கு முடியும்வரை தராமல் வைத்துக்கொள்ளலாமா? பூட்டை மாற்றலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரண்டுமே வேண்டாம். பணத் தகராறு சிவில் விவகாரம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் வேலை போலீஸுக்கு இல்லை. ஆனால் அவருடைய பொருளை மடக்கி வைத்தால், இதுவரை கையில் ஒன்றும் இல்லாத அண்ணனுக்குப் புகார் எழுத நீங்களே விஷயம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தேதி சொல்லி, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்துப்போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அக்ரிமென்டில் பெயர் இருக்கும்வரை அவரும் வாடகைதாரர்தான் என்பதால் பூட்டையும் தொடாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் பயப்படாமல் அக்ரிமென்ட் நகலோடு போய்ப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்து ஓனர். அவர் சொல்வது கறாராக இருந்தாலும் சட்டப்படி சரி. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 43: சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "அவர் போய்விட்டார், எங்கள் பங்கு 16,000 இந்தாருங்கள்" என்று ஓனரிடம் சொல்ல முடியாது. ஆனால் கூடுதலாகக் கட்டியதைக் கிளம்பியவரிடம் வசூலிக்க அதே பிரிவு உங்களுக்கு வழி கொடுக்கிறது. கையெழுத்து இருவருடையது என்பதால் பங்கு பாதிப்பாதி ஆகிவிடாது. மூவரும் 8,000 கொடுத்து வந்த ஜிபே வரலாறே உங்களுக்குள் இருந்த ஏற்பாட்டைக் காட்டும்.

அட்வான்ஸ் ஓனரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, ஓனர் அதைத் திருப்பித் தர வேண்டும். வீடே இன்னும் காலியாகவில்லை. "நான் தந்துவிடுகிறேன்" என்று நீங்கள் எங்கேயும் எழுதிக் கொடுக்காத வரை, உங்கள் கைக்காசிலிருந்து 40,000 தர வேண்டிய கட்டாயமும் இல்லை. கோபத்தில் அப்படி ஏதாவது மெசேஜ் போட்டீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இது வழக்கமாக எப்படி முடியும் என்றால், புதிதாக வருபவர் தரும் அட்வான்ஸிலிருந்து கிளம்பியவருக்குச் செட்டில் செய்வார்கள். உங்கள் கணக்கு: தராத மாதம் 8,000, நோட்டீஸ் மாதத்துக்கு 8,000, கரன்ட் பில்லில் அவர் பங்கு 1,150 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 17,150. மீதி 22,850 அவருடையது. மிச்சமுள்ள மாதங்களுக்கும் கேட்கலாமே என்பீர்கள். வாதாடலாம். ஆனால் ஒரு மாத நோட்டீஸில் நீங்களும் வெளியேறியிருக்க முடியும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே சொல்வார். நானாக இருந்தால் அதை விட்டுவிடுவேன்.

இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பழைய சாட்டை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள். கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் கீழ், அந்தச் சாட் எந்தப் போனிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் சான்றிதழ் இணைக்க வேண்டும். பணம் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வாடகை அதிகாரியிடம் போய்ப் பயனில்லை. அவர் பார்ப்பது ஓனர்-வாடகைதாரர் பிரச்சினையை. 17,000 ரூபாய்க்காக சிவில் கோர்ட் படியேறுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

அப்புறம், புதியவர் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன்பே ஓனரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை வாங்கிவிடுங்கள். கிளம்பியவர் பெயரை எடுத்துவிட்டு, இருக்கிற மூவர் பெயரிலும் புது அக்ரிமென்ட் போடுங்கள். ஆளுக்கு 40,000 அட்வான்ஸ் என்பது அதில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கே சுவர்களையும் மீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் பெயின்டிங் செலவு என்று ஓனர் கழிக்க வரும்போது அது கைகொடுக்கும்.