முழங்காலில் ஏன் தட்டுகிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது, ராத்திரியில் திகுதிகுவென்று எரிகிறது என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார், குதிகாலுக்கு மேலேயும் தட்டினார். நடுவில், "ரெண்டு கை விரலையும் கோத்து இழுங்க" என்றார். எரிவது பாதம்தானே, இதெல்லாம் எதற்கு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொறுமையாகப் பார்க்கிற டாக்டரிடம் போயிருக்கிறீர்கள், சந்தோஷம். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்திய காலத்தில் நான் முதலில் மாணவர்கள் கையில் கொடுப்பதே அந்தச் சுத்தியலைத்தான்.

முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் தட்டினால் முன்தொடைத் தசை ஒரு நொடி இழுபடும். அந்தச் சேதியை ஓர் உணர்வு நரம்பு தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும். அங்கே ஒரே ஒரு சந்திப்பு. அடுத்த பக்கம் இயக்க நரம்பு. அது "சுருங்கு" என்று தசைக்குச் சொல்ல, கால் முன்னால் துள்ளும். மூளையின் உத்தரவுக்கு இங்கே யாரும் காத்திருப்பதில்லை. ஆனாலும் மூளை மேலிருந்து இந்தத் துள்ளலைக் கூட்டும், குறைக்கும். கவனம் முழுக்கக் காலிலேயே இருந்தால் துள்ளல் அமுங்கிவிடலாம். விரல்களைக் கோத்து இழுக்கும்போது அது நன்றாக வெளிப்படும். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரி மருத்துவர் 1880களில் கண்ட உத்தி இது, இன்றும் அப்படியே பயன்படுகிறது.

சரி, குதிகாலில் ஏன்? தண்டுவடம் நம் இடுப்பு வரைகூட முழுதாக இறங்குவதில்லை. பெரியவர்களுக்குக் கீழ்முதுகின் முதல் இரண்டு எலும்புகள் பக்கத்திலேயே முடிந்துவிடும். கால் கட்டைவிரல் நுனியை உணரும் நரம்பு செல்லின் உடல், கீழ்முதுகில் முதுகெலும்பின் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், அத்தனையும் ஒரே செல்! நுனிக்கு வேண்டிய புரதங்களை அந்த செல்லின் உடல்தான் செய்து அனுப்ப வேண்டும். வேகமாகப் போகும் சரக்கே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் போலத்தான் நகரும். சர்க்கரை கூடி, நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெட்டால் முதலில் அடிபடுவது நீளமான இழைகள். அதனால்தான் தொல்லை கால்விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. முழங்கால் துள்ளல் நன்றாக இருக்கும்போதே குதிகால் துள்ளல் போய்விடுவதும் இதனால்தான். வயதானால் சிலருக்குக் குதிகால் துள்ளல் தானாகவே குறையும். அதை மட்டும் வைத்து பயப்படாதீர்கள். அடுத்த முறை இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை, டியூனிங் ஃபோர்க்) கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும், மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எரிகிறதே என்று வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள். சூடே தெரியாமல் தோல் வெந்து புண்ணாகிவிடும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும். தினம் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள்.

கேள்வி: தோசைக்கல்லில் விரல் பட்டால் முதலில் கை விலகுகிறது, பிறகுதான் சுடுகிறது. ஏன்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கையை இழுக்கும் வேலையைத் தண்டுவடமே முடித்துவிடுகிறது, வலி என்று உணர சேதி மூளை வரை போக வேண்டும். அதுவும் இரண்டு தவணையாக வரும். சுரீர் என்ற முதல் வலியைக் கொண்டுவரும் இழைகளுக்கு மெல்லிய கொழுப்புறை உண்டு, வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்னால் வரும் எரிச்சலுக்கு உறையில்லாத இழைகள், நொடிக்கு ஒரு மீட்டர் போலத்தான். கால்விரலைக் கட்டிலில் இடித்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் கொதிக்கும் குழம்புச் சட்டியைப் பிடித்திருக்கும்போது காலடியில் குழந்தை நின்றால், கை சுட்டாலும் போடாமல் இறக்கி வைக்கிறோமே, அங்கே மூளை தண்டுவடத்தை அடக்கிப் பிடிக்கிறது.

கேள்வி: மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?
– வாசகி, செங்கோட்டை

பதில்: இல்லவே இல்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. பல பகுதிகளில் சின்ன அடைப்பு வந்தால்கூட பேச்சோ, பார்வையோ, நடையோ, ஞாபகமோ ஏதாவது ஒன்று பாதிக்கப்படுவதை நரம்பியல் வார்டில் பார்க்கலாம். மிச்சம் 90 சதவீதத்தைத் திறந்துவிடுகிறேன் என்று வகுப்பு நடத்துகிறவர்களிடம் பிள்ளைகளுக்காகப் பணம் கட்டாதீர்கள்.