மூன்று தொண்டையில் ஒரு பேண்டு

அன்புள்ள ஐயா,

யூடியூபில் தற்செயலாக லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ராஸ் என்ற ஜாஸ் பாடகர் மூவர் குழு கிடைத்தது. ஒரு வாரமாக அதுதான் ஓடுகிறது. இப்படிப் பாடியவர்கள் ஏழே வருடத்தில் ஏன் காணாமல் போனார்கள்? ஆனி ராஸ் விலகி வேறு பெண் வந்ததுதான் காரணம் என்கிறான் நண்பன்.

முரளி

அன்புள்ள முரளி,

நண்பர் சொல்வது பாதிதான் சரி.

அவர்கள் ஏறி வந்த கதையே ஒரு சொதப்பலில் தொடங்கியது. கவுன்ட் பேஸி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரின் பேண்டு வாசித்த இசைத்தட்டுகளை வாத்தியம் வாத்தியமாகக் குரலில் பாடுவது என்று 1957இல் நியூயார்க்கில் ஒரு திட்டம். ஹென்ட்ரிக்ஸ் சொல் எழுத, லாம்பர்ட் குரல் பிரித்துக் கொடுத்தார். பாடுவதற்கு ஒரு கூட்டத்தையே வரவழைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளும் தாளநடை, வரவேயில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் ஆனி. கடைசியில் கூட்டத்தை அனுப்பிவிட்டு, மூவருமே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்பப் பதிந்து மொத்த பேண்டையும் பாடி முடித்தார்கள்.

இதை மெட்டுக்குப் பாட்டெழுதுவது என்று நினைத்துவிடாதீர்கள். நாகஸ்வரக்காரர் அன்றைக்கு மனம்போன போக்கில் வாசித்த ஆலாபனையைப் பதிவில் கேட்டு, ஒரு பிருகா விடாமல் சொல் வைப்பது போன்ற வேலை. வோகலீஸ் என்பார்கள். வார்டல் கிரேயின் சாக்ஸபோன் வாசிப்புக்கு 1952லேயே அப்படி 'ட்விஸ்டட்' என்ற பாட்டை எழுதியவர் ஆனி.

1962இல் கிராமி வாங்கினார்கள். அதே வருடம் ஆனி விலகினார். போதைப் பழக்கம் ஆளை உருக்கிக்கொண்டிருந்தது. அவர் இடத்துக்கு வந்த யோலாண்ட் பவன் கொழும்பில் பிறந்தவர். (நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்களே!) ஆனியின் உச்சஸ்தாயிப் பளபளப்பு அவரிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வந்த பிறகு வெளியான மூன்று தட்டுகளும் மேடையிலேயே பதிந்தவை. மேலே மேலே பதிகிற வசதி கிடையாது, மூன்று பேருக்கு மூன்று குரல்தான். அவற்றில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் பதிந்த தட்டைக் கேட்டுவிட்டு நண்பர் பேசட்டும்.

1964இல் குழு கலைந்தது. பீட்டில்ஸ் அமெரிக்காவில் வந்து இறங்கிய வருடம் அது. ஜாஸ் கிளப்புகளுக்குப் போன கூட்டம் வேறு பக்கம் திரும்பியதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் கலைந்த குழு மறுபடி சேரலாம். அதற்கும் வழியில்லாமல், 1966 அக்டோபரில் கனெக்டிகட் நெடுஞ்சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்த லாம்பர்ட்டை லாரி அடித்துவிட்டது. குரல் பிரித்துக் கொடுத்த ஆளே போய்விட்டார்.

சரி, பேஸி பாட்டுகள் உள்ள அந்த முதல் தட்டை ஹெட்போனில் கேளுங்கள், 'எவ்ரிடே' பாட்டில் ஆரம்பித்து. டிரம்பெட் உச்சத்தில் அலறும் இடமெல்லாம் ஆனிதான்.