கண்ணு பாக்குது, கை ஏன் தடுமாறுது?

கேள்வி: எங்க மாமனாருக்கு போன வருஷம் ஸ்ட்ரோக் வந்துச்சு. இப்ப கை கால்ல பலம் வந்துடுச்சு, பேப்பர் படிக்கிறாரு, டிவி பாக்குறாரு. ஆனா எதிர்ல இருக்கற டம்ளரை எடுக்கப் போனா கை பக்கத்துல போய் விழுது, தட்டி விட்டுடறாரு. கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னு கண் டாக்டர் சொல்லிட்டாரு. வேணும்னே பண்றாரோன்னு வீட்ல ஒரே பேச்சு. நிஜமாவே இப்படி வருமா? - ஒரு வாசகி, கரூர்

பதில்: வரும்மா. வேணும்னே பண்றாருங்கற பேச்சை முதல்ல நிறுத்துங்க, பாவம் அவரு.

ஒரு பொருள் என்னன்னு தெரிஞ்சுக்கறதும், அதை எட்டி எடுக்கக் கையை ஓட்டறதும் மூளையில பெரும்பாலும் வேற வேற பாதையில நடக்குது. எடுக்கற வேலைக்கான பாதை மூளையோட மேல்பக்கம், பின்னால இருக்கற பெரைட்டல் பகுதி வழியா போகுது. அங்க அடிபட்டா டம்ளர் நல்லாத் தெரியும், கை மட்டும் தப்பா போகும், சில பேருக்கு விரலை எவ்வளவு விரிக்கணும், எந்தக் கோணத்துல திருப்பணுங்கறதும் குழம்பிடும். இதுக்கு ஆப்டிக் அட்டாக்ஸியான்னு பேரு. 1909லயே ஹங்கேரி டாக்டர் ரெஜோ பாலிந்த் இதை எழுதி வச்சிருக்காரு. அவரோட பேஷன்ட்டுக்கு வலது கைதான் குறி தப்பும், இடது கை சரியா போகும். கண்ணு கோளாறுன்னா ரெண்டு கையும்தானே தப்பணும்?

இதுக்கு நேர்மாறான கேஸ் ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப ஆச்சரியம். டி.எஃப்.னு ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல வர்ற ஸ்காட்லாந்துப் பெண், 1988ல இத்தாலியில குளிச்சிட்டு இருக்கும்போது வாட்டர் ஹீட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு தாக்கி மயங்கிட்டாங்க (கேஸ் கீசரை பாத்ரூமுக்குள்ளயே மாட்டி வச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு வெளிய மாத்துங்க). உயிர் பிழைச்சாங்க, கலர் தெரியுது, ஆனா எதோட வடிவமும் புரியல, முகத்தைப் பாத்து யாருன்னு சொல்ல முடியல, குரலை வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. டேவிட் மில்னர், மெல்வின் குட்டேல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவங்க முன்னாடி தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு நீள ஓட்டையை வச்சு, அது எப்படி சாஞ்சிருக்கோ அதே மாதிரி கையில இருக்கற அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னாங்க, அவங்க கன்னாபின்னான்னு திருப்புனாங்க. சரி, அட்டையை உள்ள போடுங்கன்னதும் கை கிளம்பறப்பவே சரியாத் திரும்பி அட்டை உள்ள போயிடுச்சு! கட்டையை எடுக்கறதும் அப்படித்தான், அகலம் எவ்வளவுன்னு விரல்ல காட்டத் தெரியாது, எடுக்கப் போனா விரல் அளவா விரியும். ஆனா கட்டையைக் காட்டி மறைச்சு, ரெண்டு செகண்ட் கழிச்சு எடுக்கற மாதிரி செய்யுங்கன்னா அந்த அளவும் போயிடும். அந்த ஓட்டை சோதனையும் கட்டை எடுக்கற சோதனையும் 1991ல நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல கட்டுரையா வந்துச்சு. தொட்டுப் பாக்கற உணர்வும் அவங்களுக்கு உதவியிருக்கும், ரெண்டு பாதையும் அப்படி ஒரேயடியா தனித்தனி இல்லைன்னு சண்டை போடறவங்களும் இருக்காங்க, அதுலயும் நியாயம் இருக்கு.

உங்க மாமனாருக்கு இதுதான்னு நான் இங்க உக்காந்துட்டு சொல்ல முடியாது. ஒரு பக்கப் பார்வை போயிருந்தாலும், சிறுமூளையில அடிபட்டிருந்தாலும் கை தவறும். கண்ணை மூடிட்டு சொந்த மூக்கைத் தொடச் சொல்லிப் பாருங்க, அது சரியா வந்து டம்ளர் மட்டும் தப்புதுன்னா அதை நரம்பியல் டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க, எந்தக் கை, எந்தப் பக்கம் வச்ச பொருள்னு சேத்து சொல்லுங்க. நிறைய பேருக்கு ஓரப்பார்வையில இருக்கற பொருள்தான் அதிகம் தவறும், அதனால டம்ளரை நேரா பாத்துட்டு அப்புறம் கையை நீட்டச் சொல்லுங்க, சுத்தி வேற சாமான் வைக்காதீங்க. சூடான காபியை மட்டும் நீங்களே கையில குடுத்துடுங்க.