வரிக் கணக்கை யாரிடம் நம்பிக் கொடுப்பது?

சம்பளத்தோடு வாடகையும் வருகிறது, வரி ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, உரிமம் வழங்கிய அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வாடகை வருமானக் கணக்குகளைப் பார்த்த அனுபவமும் அவருக்கு இருக்க வேண்டும்.

கூடுதலாகக் கட்டிய வரியில் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுபவரை நான் நம்பவே மாட்டேன். தொகையை ஊதிக் காட்டினால் அவருக்கு லாபம். பிறகு அபராதம் கட்டப்போவது நீங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். யார் நிரப்பினாலும் சட்டப்படி பொறுப்பு உங்களுடையதுதான், அதனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் புரிந்துகொண்டு ஒப்புதல் கொடுங்கள்.

ரசீதுகளைக் கடைசி வாரத்தில் மூட்டையாகக் கொட்டாமல் மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்தால், அவருக்கு நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். தாக்கல் செய்த நகலை அன்றே வாங்கிவிடுங்கள்.