தவணை முடியும்முன் ஆசை முடிந்துவிட்டால்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுக்கடனைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த வாசகி ஒருவர், "குடியிருக்க வீடு வேண்டும், அதற்குக் கடன் வாங்குவது புரிகிறது, பொழுதுபோக்குக்காக வாங்கும் பெரிய பொருள்களுக்கும் அப்படி வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டு வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கணக்குகளில் பொருளின் விலையை 100 என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பொருளின் விலைக்கு ஏற்ப நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்ற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஐந்து ஆண்டுத் தவணையில் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. என் சம்பளமும் அந்தத் தவணையைத் தாங்கும். என் மனைவியோ, அதே தொகையை மாதாமாதம் சேர்த்து வைத்து வாங்கலாமே என்கிறார். அப்படிச் சேர்க்கவும் ஐந்து ஆண்டுகள் ஆகுமே, அதுவரை யார் காத்திருப்பது? எங்கள் இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: கணக்கைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, அவர் நினைத்திருப்பதைவிடவும் கூடுதலாகச் சரி. சேமித்து வாங்கவும் ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான் இருக்கிறது.

ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 100 கடன் வாங்கி 60 மாதங்களில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 2.22 வரும், கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும்போது மொத்தம் 133-க்குச் சற்று மேல் கட்டியிருப்பீர்கள். அதே 2.22-ஐ ஆண்டுக்கு 6 சதவீத வட்டி தரும் தொடர் வைப்பில் மாதாமாதம் போட்டு வந்தால் 41 மாதங்களில் கையில் 100 இருக்கும். வட்டியே இல்லாமல் உண்டியலில் போட்டாலும் 45 மாதங்கள் போதும். ஆக, கடன் வாங்கினால் 60 தவணை, சேமித்தால் 41 தவணை; இடையில் நிற்கும் 19 தவணைகள்தான் காத்திருக்காமல் இருப்பதற்காக நீங்கள் கொடுக்கும் விலை.

"அதற்குள் வண்டியின் விலை ஏறிவிடாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறிக்கொண்டே போவதாக வைத்துக் கணக்குப் போட்டாலும், ஏறிய விலையை உங்கள் சேமிப்பு 49-ஆம் மாதத்தில் எட்டிப் பிடித்துவிடுகிறது. அப்போதும் கடன்காரரைவிட 11 மாதங்கள் முன்னதாகவே நீங்கள் விடுபட்டிருப்பீர்கள்.

வங்கி கொடுக்கும் தவணை அட்டவணையைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு வாங்கி, அதன் முதல் வரியைப் பாருங்கள். நீங்கள் கட்டும் 2.22-இல் 1 வட்டிக்குப் போகிறது, 1.22 மட்டுமே அசலில் கழிகிறது. பாதித் தவணைகளை, அதாவது முப்பதைக் கட்டி முடித்த அன்றும் 57 பாக்கி நிற்கும். வண்டியின் மதிப்போ கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே இறங்கத் தொடங்கியிருக்கும். முன்பணம் எதுவும் போடாமல் முழுக் கடனில் வாங்கியவர் இரண்டாம் ஆண்டின் முடிவில் விற்க நினைத்தால், விற்ற தொகை 67-ஐத் தொடாத பட்சத்தில் வண்டியையும் கொடுத்து, மேற்கொண்டு கைக்காசையும் போட்டுத்தான் கடனை அடைக்க வேண்டியிருக்கும். வண்டி இல்லாத வீட்டுக்கு வண்டிக் கடனின் நினைவூட்டல் வந்துகொண்டிருக்கும் நிலைமை மிகவும் கசப்பானது.

அந்தக் கசப்பை நானே அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் நல்ல தொலைநோக்கி ஒன்றை 36 மாதத் தவணையில் வாங்கினேன். முதல் மாதம் சனிக்கோளின் வளையத்தைப் பார்த்து இரவு முழுக்க மொட்டை மாடியில் நின்றது உண்மை. எட்டாவது மாதம் அது உறைபோட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. மீதி 28 மாதங்களும் ஐந்தாம் தேதி தவறாமல் கணக்கில் பணம் பிடிபட்டதாகக் கைப்பேசியில் செய்தி வரும். அது வரும்போதெல்லாம் அலமாரிப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். தவணையை என் சம்பளம் தாங்கியது. ஆசைதான் தவணை முடியும்வரை தாங்கவில்லை.

இதற்காக உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. மூன்றரை ஆண்டுக் காலம் அந்த வண்டியில் போகும் பயணங்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு. உங்கள் மனைவியின் கணக்கில் அது வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நடுவில் ஒரு வழி இருக்கிறது. முதலில் அந்தத் தவணையை வங்கிக்குக் கட்டுவதற்குப் பதிலாக உங்களுக்கே கட்டத் தொடங்குங்கள். வண்டி வந்த பிறகு ஆகப்போகும் காப்பீட்டையும் எரிபொருளையும் பராமரிப்பையும் தோராயமாகக் கூட்டி, அதையும் சேர்த்து ஒதுக்குங்கள். ஆறே மாதத்தில் உங்கள் சம்பளம் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும், ஆசை எவ்வளவு தாங்கும் என்பதும் ஓரளவு தெரியும். தவணைப் பகுதியை மட்டும் 22 மாதங்கள் சேர்த்தால் பாதி விலை கையில் இருக்கும். மறுபாதிக்கு மட்டும் கடன் வாங்கி அதே 2.22-ஐக் கட்டினால் 26 மாதங்களில் கடன் முடிந்துவிடும். வட்டியாகப் போவது 7-தான், 33 அல்ல. உங்கள் மனைவியும் இதற்குச் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: திருமணமாகிப் பத்தாவது ஆண்டில் வெளிநாட்டுச் சுற்றுலா போகத் திட்டமிட்டோம். "இப்போது போய் வாருங்கள், பிறகு கட்டுங்கள்" என்கிறார்கள். பொருள் வாங்குவதற்கும் பயணத்துக்கும் கடன் விஷயத்தில் வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு. மோட்டார் சைக்கிளைக் கஷ்டகாலத்தில் விற்கலாம். போய்வந்த சுற்றுலாவை யாரிடம் விற்பீர்கள்? அடமானமாக எதுவும் இல்லாததால் இவ்வகைக் கடனுக்கு வட்டி பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும் என்பது ஒருபுறம். மறுபுறம், மனம் பணம் கட்டுவதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதும் இதில் சேர்கிறது.

டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறு சோதனையை விவரிக்கிறார்கள். விடுமுறைப் பயணம் ஒன்றுக்கும், துணி துவைத்து உலர்த்தும் இயந்திரம் ஒன்றுக்கும் ஆறு மாதத் தவணையை முன்னதாகக் கட்ட விருப்பமா, பின்னர் கட்ட விருப்பமா என்று கேட்டார்கள். இயந்திரத்துக்குப் பின்னர் கட்டுகிறோம் என்று சொன்ன பெரும்பாலோர், பயணத்துக்கு மட்டும் முன்னதாகவே கட்டிவிடுகிறோம் என்றார்கள். பணத்தை மட்டும் கணக்கிட்டால் இது பைத்தியக்காரத்தனம். வட்டியில்லாமல் தள்ளிப்போட முடியும்போது யாராவது முன்னதாகக் கட்டுவார்களா? ஆனால் இயந்திரம் உழைக்கும் காலமெல்லாம் தவணைக்கு ஈடாக ஏதோ ஒன்றைத் தந்துகொண்டே இருக்கிறது. முடிந்துபோன பயணமோ எதையும் தருவதில்லை. முன்னதாகக் கட்டிவிட்டவர், கடற்கரையில் அமர்ந்திருக்கும்போது அந்த நாளை இலவசமாகக் கிடைத்ததைப் போல அனுபவிக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பயணம் போகவிருப்பவர்கள் போகாதவர்களைவிடக் கிளம்புவதற்கு முன்பே மகிழ்ச்சியாக இருந்தது தெரிந்தது. திரும்பி வந்த பிறகு பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே சேமிக்கும் மாதங்களை வெறும் காத்திருப்பாக எண்ண வேண்டாம். வழித்தடத்தை வரைந்து, தங்குமிடங்களைப் பார்த்து, இருவரும் சண்டை போட்டுத் திட்டத்தை மாற்றும் அந்த மாதங்களும் பயணத்தைச் சேர்ந்தவையே. பத்தாம் ஆண்டில் போக முடியாவிட்டால் பதினொன்றாம் ஆண்டில் போங்கள்.

கேள்வி: கேமராவுக்கு "வட்டியில்லாத் தவணை" தருகிறார்கள். இதிலும் சூது உண்டா?

பதில்: சூது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: "முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் என்ன விலை?" அவர்கள் 92 என்று சொல்லி, தவணைக்கு மட்டும் 100-ஐ 12 மாதங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள் என்றால், உண்மையில் நீங்கள் 92 கடன் வாங்கி ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறீர்கள். செயலாக்கக் கட்டணம் இருந்தால் இன்னும் கூடும். இரண்டு விலையும் ஒன்றே, கட்டணமும் இல்லை, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதையும் படித்துவிட்டீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

இதே போல, "10 சதவீதம்தான்" என்று சொல்லப்படும் வட்டி, குறைந்துவரும் அசலுக்கா அல்லது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கா என்பதையும் கேளுங்கள். ஃப்ளாட் வட்டி என்று சொல்லும் இரண்டாவது முறையில் மூன்று ஆண்டுக் கடனுக்கு 10 சதவீதம் என்றால், முதல் முறைக் கணக்கில் அது ஏறத்தாழ 18 சதவீதம்.

கேள்வி: கடனே வேண்டாம் என்று, விற்பனையாளரிடமே மாதாமாதம் பணம் கட்டி முடிவில் பொருளை எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் சேரப்போகிறேன். இது சேமிப்புதானே?

பதில்: அது பாதிச் சேமிப்பு. மீதிப் பாதியில் நீங்களே விற்பனையாளருக்குக் கடன் கொடுத்தவர் ஆகிறீர்கள்.

1938-இல் ஜெர்மனியில் அரசின் ஆதரவோடு மக்கள் கார்த் திட்டம் ஒன்று தொடங்கியது. வாரம் 5 மார்க்குக்குக் குறையாமல் வில்லை வாங்கி அட்டையில் ஒட்டி வரவேண்டும், அட்டைகள் நிரம்பினால் கார் கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் ஒட்டினார்கள். அடுத்த ஆண்டே போர் வந்தது. தொழிற்சாலை போர்த் தளவாடங்களுக்குத் திரும்பியது. சேமித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கார் வரவில்லை. போருக்குப் பிறகு நீதிமன்றம் ஏறிய வழக்கு 1961-இல்தான் சமரசத்துக்கு வந்தது, அதிலும் கிடைத்தது புதிய காருக்கான தள்ளுபடியோ சிறு தொகையோதான். அரசே பின்னால் நின்ற திட்டத்துக்கு இந்தக் கதி.

இதோடு ஒப்பிட, அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1923-இல் கொண்டுவந்த வாரச் சேமிப்புத் திட்டம் பாதுகாப்பாக இருந்தது. வாடிக்கையாளர் கட்டிய வாரப் பணம் வங்கியில் வட்டியோடு இருந்தது. ஆனால் 1919 முதலே தவணைக் கடன் கொடுத்து, காரை அன்றே கையில் கொடுத்துவந்த ஜெனரல் மோட்டார்ஸின் முன்னால் அது எடுபடவில்லை. 1928-இல் ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்கிவிட்டது. காத்திருப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உங்களுக்குக் காத்திருக்கும் மனம் இருக்கிறது. அதை உங்கள் பெயரிலுள்ள கணக்கில் காட்டுங்கள். விற்பனையாளர் தரும் சலுகை பெரிதாக இருந்தால், கட்டும் பணம் யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது, நிறுவனம் மூடப்பட்டால் யார் திருப்பித் தருவார் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சேருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; வயது 66. படுக்கை வசதியோடு கூடிய பயண வேன் ஒன்றை வாங்கி, கணவரோடு ஊர் சுற்ற வேண்டும் என்பது ஆசை. ஐந்து ஆண்டுகள் சேமித்தால் முழங்கால் ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை. வைப்புத்தொகை இருக்கிறது, ஆனால் அதைத் தொட மனமில்லை. கடன் வாங்கலாமா?

பதில்: அம்மா, இந்த இதழில் வந்த கடிதங்களில் "காத்திருங்கள்" என்று என்னால் சொல்ல முடியாத கடிதம் உங்களுடையது. முப்பது வயதுக்காரர் தள்ளிப்போடும் பயணம் பெரும்பாலும் பிறகு கிடைக்கும். உங்களுக்கு அந்த உறுதியைத் தர நான் யார்?

ஆனால் காத்திருக்க வேண்டாம் என்றால் கடன் வாங்க வேண்டும் என்று ஆகிவிடாது. வைப்புத்தொகைக்கு 6 சதவீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 12 சதவீதம் கட்டுவது, உங்கள் சொந்தப் பணத்தைத் தொடாமல் இருப்பதற்கே ஆண்டுக்கு 6 சதவீதம் கட்டணம் செலுத்துவதாகும். மருத்துவச் செலவுக்கும் ஓராண்டுக் குடும்பச் செலவுக்கும் வேண்டியதை அப்படியே விட்டுவிட்டு, மீதியில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை எடுங்கள். முதிர்வுக்கு முன் எடுப்பதால் குறையும் வட்டியை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் போதாமல் சிறிது கடன் தேவைப்பட்டால், ஓய்வூதியத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் அளவாக இருக்கட்டும். ஒருவருக்கு ஏதேனும் ஆனால் மற்றவரின் வருமானம் மட்டும் அந்தத் தவணையைத் தாங்குமா என்பதையும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சங்கடமான பேச்சுதான், ஆனால் கடன் கொடுப்பவரும் அதைத்தான் யோசிப்பார்.

புதிய வேனுக்குப் பதில் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடியதைப் பாருங்கள். மதிப்பு இறங்கும் வேகம் மிகுந்த ஆண்டுகளின் செலவை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே சுமந்திருப்பார். வாங்கிய பிறகும் காப்பீடு, டயர், நிறுத்துமிடம் என்று ஆண்டுதோறும் செலவு இருக்கும், வண்டி ஓடாமல் நின்றாலும் இருக்கும். ஆண்டுக்கு இருமுறைதான் கிளம்புவீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதே மலிவாக முடியலாம்.

எதுவானாலும் முதலில் இரண்டு வாரங்களுக்கு அதே அளவுள்ள வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போய் வாருங்கள். இரவில் எழுந்து அந்த உயரமான படியில் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். மீதியை அதன்பிறகு பேசுவோம்.