கிளாடிங்கைக் கழற்றலாமா?

கேள்வி: எஸ்யூவியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் கிளாடிங் (பாடியின் மேல் பொருத்தியிருக்கும் பட்டை) வெளுத்துவிட்டது. நானே கழற்றினால் பெயின்ட் போய்விடுமா?

பதில்: அவசரப்பட்டு இழுத்தால் போகும். முதலில் வீல் ஆர்ச்சின் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) உள்பக்கத்திலும் கதவின் கீழ் விளிம்பிலும் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள்; ஒன்றை விட்டாலும் பிளாஸ்டிக் கிழியும். ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் நெம்புகோலை, கிளாடிங்கைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குப் பக்கத்திலேயே கொடுத்து நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். இருபக்க டேப் ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை உள்ளே விட்டு ரம்பம்போல் அறுங்கள். குளிரில் கிளிப் பொசுக்கென்று உடையும். புதியவற்றை முன்பே வாங்கிவையுங்கள்.

தொல்லை அதற்குப் பிறகுதான். உள்ளே சேறு தேங்கிய இடத்தில் துரு இருக்கலாம், பெயின்ட் நிறமும் மாறித் தெரியும். கிளாடிங் இல்லாமலே ஓட்டுவதென்றால் கிளிப் துளைகளை ரப்பர் பிளக்கால் அடைத்துவிடுங்கள். இல்லையேல் தண்ணீர் இறங்கும்.