கடையில் அதே கெப்பாசிட்டர் இல்லையென்றால் எதை வாங்குவது?

கேள்வி: அப்பத்தா பாட்டுக் கேட்கும் ரேடியோ செட் கொஞ்ச நாளாக 'உம்ம்' என்று இரைகிறது. திறந்து பார்த்தால் 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட். கடையில் 1000/16, 2200/25 இரண்டுதான் இருக்கின்றன. 16 வோல்ட்டே போதும் என்கிறார் கடைக்காரர். வீட்டு முகப்பில் ஓடும் ஃபேனும் வேகம் குறைந்துவிட்டது, அதன் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சருக்கு (அதுவும் கெப்பாசிட்டர்தான்) பதில் 4 மைக்ரோஃபாரட் போடச் சொல்கிறார். போடலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: 2200/25-ஐ வாங்குங்கள். 16 வோல்ட் வேண்டவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மரில் 12 என்று போட்டிருந்தாலும் அது ஏசி. ஏசியை டிசியாக்கும் டயோடு வழியாக வந்து கெப்பாசிட்டரில் ஏறும்போது 12-ஐ 1.414-ஆல் பெருக்க வேண்டும், 17 வரும். நான்கு டயோடு பிரிட்ஜில் 1.4 வோல்ட் போக மீதி ஏறத்தாழ 15.6. வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட்டிலிருந்து 250-க்கு ஏறினால் இதுவே 17 ஆகிவிடும். செட் சும்மா இருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் இதைத் தாங்காது. வோல்ட் கூடினால் கெடுதல் இல்லை. 35 கிடைத்தாலும் சரி.

மைக்ரோஃபாரட், அதாவது மின்சாரத்தைத் தேக்கும் அளவு, இந்த இடத்தில் கூடலாம். டயோடு பிரிட்ஜைத் தாண்டி வரும் மின்சாரம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அந்த இடைவெளியில் செட்டுக்குக் கொடுத்துத் தாங்குவதுதான் இந்தக் கெப்பாசிட்டரின் வேலை. செட் அரை ஆம்பியர் இழுத்தால் 1000-இல் 5 வோல்ட் வரை ஆட்டம் இருக்கும், 2200-இல் அது 2.3 ஆகக் குறையும். உங்களுக்குக் கேட்கிற இரைச்சலே இந்த ஆட்டம்தான். அதற்காக 10,000 போட்டுவிடாதீர்கள்; சுவிட்ச் போட்டதும் டயோடு தாங்க வேண்டிய இழுப்பு அதிகமாகிவிடும்.

கெப்பாசிட்டர் உறையில் 105 டிகிரி என்று இருக்கிறதா பாருங்கள், அது தாங்கும் சூட்டின் அளவு. 85-உம் விற்கிறது, விலையும் குறைவுதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் சூட்டுக்குப் பக்கத்தில், நம்ம ஊர் சித்திரை வெயிலில், 105 நெடுநாள் உழைக்கும். பழைய போர்டிலிருந்து கழற்றியது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். உயரமும் பாருங்கள், கூடினால் செட்டின் மூடி மூடாமல் போகும். கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

ஃபேன் விஷயம் வேறு. அங்கே மைக்ரோஃபாரட்டைக் கூட்டக் கூடாது. 4 போட்டால் ஃபேன் மோட்டாரின் துணைச் சுருளில் கரண்ட் கூடி, சூடேறி, வைண்டிங் கருகலாம். பழைய கண்டன்சர் நாளடைவில் 2.5-லிருந்து இறங்கியிருக்கும், வேகம் குறைய அதுதான் பெரும்பாலும் காரணம். கெப்பாசிட்டர் அளக்கும் மல்டிமீட்டர் கடையிலேயே இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே 2.5, 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்டதை, பில்லோடு வாங்குங்கள். புதிதாகப் போட்டும் சுற்றவில்லையென்றால் பேரிங்கைப் பாருங்கள்.